கொக்கி மாட்டியிருந்த பக்கிள்

ஜெர்மனியில் ஏரன்ப்ரூக் ஊரில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய தீயணைப்புப் படை பெல்ட் அகப்பட்டால், அது இரண்டே நாளில் ரோஸ்விதா ஹன்னாப்பெலின் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். உள்ளூர் மட்டுமில்லை, சாக்சனியிலிருந்தும் பவேரியாவிலிருந்தும்கூட அவளுக்குப் பார்சல் வரும். பிரித்தால் உள்ளே ஒரு பெல்ட் பக்கிளும் ஒரு சீட்டும் இருக்கும். இது எந்தக் காலத்தது, எந்த ஊர்ப் படையினுடையது, தயவுசெய்து பார்த்துச் சொல்லவும் என்று சீட்டில் எழுதியிருக்கும். அவளும் பார்த்துச் சொல்லுவாள். முப்பத்து நான்கு வருஷம் பல் செட்டு செய்யும் கூடத்தில் உலோகத்தோடு மல்லுக்கட்டியவள். பித்தளையா, நிக்கல் பூச்சா, அலுமினியமா என்பது அவள் நகத்துக்கே தெரிந்துவிடும்.

கிரீடம் இருந்தால் கைசர் மன்னர் ஆண்ட காலம். கிரீடம் போய், ஹெல்மெட்டும் அதன் பின்னால் குறுக்காக இரண்டு கோடரியும் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் 1920கள். கழுகின் காலில் ஸ்வஸ்திகா இருந்தால் நாஜி காலம். அதே கழுகின் காலடியில் அரம் ராவிய தழும்பு இருந்தால், போர் முடிந்து புதிது வாங்க வழியில்லாமல் பழையதையே ராவிப் போட்டுக்கொண்ட காலம். அந்தத் தழும்பு எவ்வளவு ஆழம் என்று பார்த்தால், ராவினவன் மனசோடு ராவினானா, மேலிடத்தில் சொன்னார்களே என்று ராவினானா என்பதுகூடத் தெரியும் என்பாள் ரோஸ்விதா. அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும் அவளுக்கு.

அந்த வருஷம் மே மாதம் ஊர்த் தீயணைப்புப் படைக்கு நூற்றைம்பது வயசு. விழாவுக்குப் பதினாறு நாள்தான் பாக்கி. படை வீட்டு முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, எல்லாக் காலத்துப் பக்கிளையும் அதில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு விவரச் சீட்டு எழுதி வைப்பது அவள் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜெவ்தெத் வந்து மணியடித்தான். அவன் பொக்லைன் ஓட்டுகிறவன், படையில் பன்னிரண்டு வருஷமாக ஏணிக் குழுவில் இருக்கிறவன். வங்கிக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுவிட்டது. ரொட்டி சுற்றி வந்த தாளில் எதையோ பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, உங்க பெட்டிக்கு ஒரு சாமான்" என்றான். துருக்கி வீட்டுப் பழக்கத்தில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். படையில் பாதிப் பேருக்கு அது தொற்றிக்கொண்டுவிட்டது.

முதலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்றாள் ரோஸ்விதா. அவன் காலுறையோடு வந்து மேசையில் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிக்கட்டி. ஒரு ஓரம் உருகி வழிந்து இறுகியிருந்தது. ஆனாலும் அது பெல்ட் பக்கிள் என்பதில் சந்தேகமே இல்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்தில், செங்கல்லும் சாம்பலுமாகக் கிடந்த இடத்திலிருந்து இயந்திரத்தின் பல்லில் மாட்டிக்கொண்டு வந்தது என்றான்.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு வெண்கலப் பலகை உண்டு. யூத ஜெபாலயம் அங்கேதான் இருந்தது. முப்பத்தெட்டாம் வருஷம் நவம்பர் பத்தாம் தேதி கொளுத்தப்பட்டது. தீயணைப்புப் படை வந்து நின்றது. பக்கத்துக் கொட்டகைகளுக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டதே தவிர, ஜெபாலயத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. இதை ஊர் மறைக்கவில்லை. எழுபத்தைந்தில் படையின் நூற்றாண்டு மலரை எழுதிய ரோஸ்விதாவின் அப்பா வில்ஃப்ரீட் ஹன்னாப்பெலே அதை ஒரு முழுப் பக்கம் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும் என்று நாலு ஊரில் பேசினார்கள். அவர் செத்து இருபத்தாறு வருஷம் ஆகியும் பேசுகிறார்கள்.

"கழுகுதான் இருக்கும். பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றாள் ரோஸ்விதா. "ஒரு பெட்டி பீர்."

"நான் குடிக்க மாட்டேன்னு தெரிஞ்சே பந்தயம் கட்டுறீங்க பாருங்க" என்றான் அவன்.

பல் தேய்க்கும் பிரஷ், மரக்குச்சி, ஒரு கிண்ணம் வெந்நீர். அவள் கரியை இழை இழையாக எடுத்தாள். அவன் காபி போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்தில் ஒரு வளைந்த கோடு தெரிந்தது. இறக்கை என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் சுத்தம் செய்தபோது அது ஹெல்மெட்டின் உச்சிக் கொண்டை என்று புரிந்தது. கீழே கோடரியின் அலகு. கழுகு இல்லை. இருபதுகளின் பக்கிள். ஜெவ்தெத் மேசையைத் தட்டிச் சிரித்தான். பீர் பெட்டிக்குப் பதில் ஆரஞ்சு ஜூஸ் பெட்டியாக வாங்கித் தரச் சொன்னான்.

ரோஸ்விதா சிரிக்கவில்லை. அவளுக்கு அது பொருந்தவில்லை. முப்பத்தெட்டில் படையினர் எல்லோரும் கழுகு பக்கிளுக்கு மாறியாயிற்று. பழையதைப் படை வீட்டில் திருப்பிக் கொடுத்துத்தான் புதிதை வாங்க வேண்டும். அப்படியிருக்க, எரிந்த ஜெபாலயத்துக்குள்ளே பழைய பக்கிள் எப்படி வந்தது?

பின்பக்கம் திருப்பினாள். இந்த வகைப் பக்கிளின் முதுகில் ஒரு கொக்கி இருக்கும். பெல்ட்டின் மறுமுனையில் ஒரு வளையம். கொக்கியை வளையத்தில் மாட்டினால்தான் பெல்ட் இடுப்பில் நிற்கும். கரியைச் சுரண்டியவள் கையை நிறுத்தினாள். கொக்கி வளையத்துக்குள் இருந்தது.

பிரஷைக் கீழே வைத்தாள்.

"ஜெவ்தெத், நீ பெல்ட்டக் கழட்டி ஆணியில மாட்டுறப்ப கொக்கிய மாட்டி வெப்பியா?"

"எதுக்கு? கழட்டினா ரெண்டு முனையும் தொங்கும். அப்படியேதான் மாட்டுவேன்."

"சுருட்டி அலமாரியில வெச்சா?"

"அப்பவும் மாட்ட மாட்டேன்." அவன் குரல் இறங்கியது. "ஏன் கேக்குறீங்க?"

"இது மாட்டியிருக்கு."

மரக்குச்சியால் இன்னும் மெதுவாக எடுத்தாள். பித்தளைக்கும் வளையத்துக்கும் நடுவே விரல்நகம் அளவுக்குத் தோல் மிஞ்சியிருந்தது. வெளிப்பக்கம் கருகிப் போயிருந்தது. உள்பக்கம், அதாவது உடம்பை ஒட்டியிருக்க வேண்டிய பக்கம், பழுப்பாக அப்படியே இருந்தது. அதோடு சாம்பல் நிறக் கம்பளித் துணியின் நாலைந்து இழை. கோட்டுத் துணி.

ஜெவ்தெத் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். இரண்டு வாரத்துக்கு முன்தான் நெடுஞ்சாலை விபத்தில் எரிந்த காரிலிருந்து ஒருவரை வெளியே எடுத்த குழுவில் அவன் இருந்தான். திரும்பிப் பார்க்காமலே, "என் பள்ளத்துல ஆள் இருக்காங்க" என்றான். உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டு, மழை நின்றாலும் யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று சொன்னான். ரோஸ்விதா போலீஸுக்குச் சொன்னாள். முகவரியை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

பக்கிளின் விளிம்பில், உருகாத மூலையில், உளியால் குத்திய எண் இருந்தது. இருபத்து மூன்று.

படை வீட்டில் பழைய சாமான் பதிவேடு இருக்கிறது. யாருக்கு எந்த எண் ஹெல்மெட், எந்த எண் பெல்ட், எப்போது கொடுத்தது, எப்போது திரும்பி வந்தது எல்லாம் அதில் உண்டு. இருவரும் மழையில் நடந்தே போனார்கள். பதிவேட்டைப் புரட்டுவது அவளுக்குப் புதிதில்லை, ஆனால் அந்தப் பக்கத்தை அன்றுதான் நின்று படித்தாள். ஐந்து யூதர்கள் படையில் இருந்திருக்கிறார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்து யூதர்களைப் படையிலிருந்து நீக்கிய முப்பத்துமூன்று ஏப்ரலில், ஒரே நாளில் நான்கு பேர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவது பெயர் யூலியுஸ் மான்ஸ்பாஹ், தகர வேலைக்காரர், ஏணிக் குழுத் தலைவர், பெல்ட் எண் இருபத்து மூன்று. திரும்பி வந்த தேதிக்கான கட்டம் காலி. அந்தக் கட்டத்தில் பின்னாளில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: 'வெளிநாடு சென்றார், நவம்பர் 38.'

அந்த யாரோ யார் என்று அவளுக்கு இரண்டாவது வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளிலும் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. நூற்றாண்டு மலரிலும் அப்பா அதையேதான் எழுதியிருந்தார். மான்ஸ்பாஹ் குடும்பம் உரிய காலத்தில் அர்ஜென்டினா போய்ச் சேர்ந்தது என்ற அந்த ஒற்றை வரி, அந்த இருண்ட பக்கத்திலேயே கொஞ்சம் ஆறுதலான வரி. சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு, ஒருத்தராவது தப்பித்தாரே என்று அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

அப்பாவுக்குத் தப்பாகத் தெரிந்திருக்கலாம் என்று ஜெவ்தெத் சொன்னான். அவளும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். ஆனால் பதிவேட்டை மூடியதும் காரை எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம் போனாள்.

ஆடெல்ஹைட் அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தொண்ணூற்றேழு வயசு. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். காது நன்றாகக் கேட்கும், கண்தான் மங்கல். மத்தியானம் சீட்டு விளையாட்டில் எதிராளியைத் தோற்கடிக்காமல் விடமாட்டாள். ரோஸ்விதா போனபோது கையில் சீட்டு இருந்தது. ஆட்டம் முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். எதையும் சுற்றி வளைக்காமல், மான்ஸ்பாஹ் பெல்ட் கார் நிறுத்துமிடத்து மண்ணிலிருந்து கிடைத்திருக்கிறது, கொக்கி மாட்டியபடி கிடைத்திருக்கிறது என்று சொன்னாள்.

அத்தை சீட்டுக்கட்டை ரப்பர் போட்டுக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"வில்ஃப்ரீட் போயிட்டான். நானும் போயிட்டா முடிஞ்சதுன்னு இருந்தேன்" என்றாள். "நீ ஏண்டி அந்தப் பழைய இரும்பெல்லாம் நோண்டுற?"

"அத்தை, என்ன நடந்துச்சு?"

அத்தை சொன்னாள். அன்று வியாழக்கிழமை. அவளுக்குப் பத்து வயசு. காலை எட்டரை மணிக்கு வாத்தியார் வகுப்பையே இரண்டிரண்டு பேராகக் கைகோக்க வைத்து, பார்க்கச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். ஜெபாலயத்தின் கூரை பிடித்து எரிந்துகொண்டிருந்தது. படை வந்து நின்றது. படைத்தலைவர் அவளுடைய அப்பா, அதாவது ரோஸ்விதாவின் தாத்தா. அப்போதுதான் படையில் சேர்ந்திருந்த பதினேழு வயசு வில்ஃப்ரீட் குழாயைப் பிடித்திருந்தான். தண்ணீர் கொட்டகை மேல் போய்க்கொண்டிருந்தது. நாஜிக் கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். பெண்டாட்டியையும் மகளையும் ஆகஸ்டிலேயே கப்பலேற்றிவிட்டு, பட்டறையை விற்றுவிட்டுப் பின்னால் போகலாம் என்று தனியாக இருந்த யூலியுஸ் மான்ஸ்பாஹ், தெருமுனையிலிருந்து வந்தார்.

"கோட்டு மேல பெல்ட்டக் கட்டியிருந்தான்" என்றாள் அத்தை. "அஞ்சு வருஷமா போடக் கூடாதுன்னு சொல்லி வெச்ச பெல்ட்டு. திருப்பிக் குடுன்னு ஆள் மேல ஆள் விட்டும் குடுக்காத பெல்ட்டு. ஓடல. வேகமா நடந்து வந்தான். நேரா எங்கப்பாகிட்டப் போய், 'மாடியில காட்ஸம்மா இருக்காங்க, குழாய இந்தப் பக்கம் திருப்பு'ன்னான். கெஞ்சல்லாம் இல்ல. வேலையில பேசுவாங்களே, அந்த மாதிரி."

காட்ஸம்மா ஜெபாலயத்தைப் பெருக்கித் துடைத்து விளக்கேற்றிக்கொண்டு மாடியறையில் குடியிருந்த வயதான விதவை.

"தாத்தா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கொட்டகையவே பார்த்துட்டு நின்னார்."

"காட்ஸம்மா உள்ளே இருந்தாங்களா?"

அத்தை தலையை ஆட்டினாள். ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா என்று ரோஸ்விதாவுக்குப் புரியவில்லை.

"இல்லடி. அதானே விஷயம். விடியறதுக்குள்ளேயே வெளியில வந்தாச்சு. உங்கப்பாதான் பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்து எங்க மரக்கொட்டாயில உட்கார வெச்சான். குதிரைப் போர்வையப் போத்திக்கிட்டு அங்கதான் இருந்தா. எங்கம்மா பால் கொண்டு போய்க் குடுத்தா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி நானே பார்த்தேன்."

ரோஸ்விதாவின் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது மாதிரி இருந்தது. அத்தையின் உதடு அசைவதும் அதற்குப் பிறகு சத்தம் வருவதும் தனித்தனியாகத் தெரிந்தன.

"எங்கப்பாவுக்குத் தெரியும். வில்ஃப்ரீடுக்குத் தெரியும். யூலியுஸ்லேர்ந்து மூணடி தள்ளித்தான் அவன் குழாயப் பிடிச்சுட்டு நின்னான். 'வெளியில வந்துட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை. வாயசைச்சாக்கூடப் போதும். ஆனா பழுப்புச் சட்டை அத்தனை பேர் நிக்கிறான். எங்க இருக்கான்னு கேட்டா? எங்க கொட்டாயில இருக்கான்னு சொல்லணுமே. யூலியுஸ் ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்தான். அப்புறம் கைக்குட்டையத் தண்ணியில நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு உள்ள போனான். ரெண்டு நிமிஷம் இருக்கும். மாடி உள்ள விழுந்துச்சு."

"நீங்க எங்க நின்னீங்க?"

"முன் வரிசையில. பத்து வயசுன்னு சொன்னேனே." அத்தை மங்கிய கண்ணால் அவளை நேராகப் பார்த்தாள். "எனக்கும் வாய் இருந்துச்சு, ரோஸி."

மறுநாளே இடிபாட்டையெல்லாம் நிலவறைக்குள் தள்ளி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்களாம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே மூடினார்கள். காட்ஸம்மாவை மூன்றாம் நாள் இரவில் ஃபிராங்ஃபர்ட்டில் அவள் தங்கை வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து நாற்பத்திரண்டில் அவளையும் வதைமுகாமுக்கு ரயிலேற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டார்களாம். வீட்டில் அதற்கப்புறம் யூலியுஸ் என்ற பெயரையே யாரும் எடுக்கவில்லை. எடுக்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

ரோஸ்விதா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோனது போல அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போயிருக்கிறார். சனிக்கிழமைச் சந்தைக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள்கூட அவர் நடை தயங்கியதாக அவளுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை மாலை படை வீட்டில் கூட்டம். படைத்தலைவர் டோர்ஸ்டன் நாற்பது வயசு எலக்ட்ரீஷியன், நல்ல மனுஷன், ஆறு மாசமாக விழா விழா என்று தூக்கமில்லாமல் அலைந்துகொண்டிருந்தவன். ரோஸ்விதா பக்கிளை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து மேசையில் வைத்தாள். என்ன வகை, என்ன எண், யாருடையது, எப்படிக் கிடைத்தது, அத்தை என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தன் தாத்தா பெயரையும் அப்பா பெயரையும் விடவில்லை. கிட்டத்தட்ட முப்பது பேர் இருந்தார்கள்.

டோர்ஸ்டன்தான் முதலில் பேசினான். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, எட்டு ஊர்ப் படைகள் வருகின்றன, பக்கிளைப் பெட்டியில் 'இருபதுகள், நிலத்தடியில் கிடைத்தது' என்று மட்டும் எழுதி வைக்கலாம், மற்றதை விழா முடிந்து நிதானமாகப் பார்க்கலாம் என்றான்.

"ஒரு மாசம்தானே ரோஸ்விதா. எண்பத்தாறு வருஷம் இருந்தவர், இன்னும் ஒரு மாசம் இருக்க மாட்டாரா..."

சொல்லி முடிக்கும் முன்பே தான் சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஜெவ்தெத் எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை.

"அவர் ஏணிக் குழு. நானும் ஏணிக் குழு" என்றான். "நான் உள்ள போறப்ப வெளியில நிக்கிறவங்க எனக்கு எல்லாத்தையும் சொல்லுவாங்கன்னு நம்பித்தான் போறேன். வேற என்னத்த நம்பிப் போறது?"

வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவில்லை. டோர்ஸ்டன் அடுத்த நாள் காலை தானே நகராட்சிக்குப் போய், இசைக்குழுவும் பீர் கூடாரமும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு பேர் படையை விட்டு விலகினார்கள். செத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அவர்களுக்குக் கோபம். அவர்கள் சொன்ன செத்தவர்களில் யூலியுஸ் இல்லை.

பள்ளத்தைத் தோண்டும் வேலையைத் தொல்லியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் எலும்பு கிடைத்தது. அதிகமில்லை, ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அர்ஜென்டினாவில் உறவினரைத் தேடிக் கண்டுபிடித்தது ஃபிராங்ஃபர்ட் யூத சபையின் எழுத்தர் ஒருவர். ரொசாரியோ நகரத்தில் கிராசியேலா என்று ஒரு பெண்மணி, யூலியுஸின் மகள் இல்ஸேயின் மகள், எழுபது வயசு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சபை அவருக்கு விவரம் சொல்லிவிட்டது. பக்கிளை அடையாளம் கண்டவரோடு பேச வேண்டும் என்று அவரே கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினித் திரையில் அவர் முகம் வந்தது. வெள்ளை முடி, கழுத்தில் மூக்குக்கண்ணாடியின் சங்கிலி. அவர் பேசிய ஜெர்மன், சமையலறையில் அம்மாவிடம் கற்றது. ரோஸ்விதாவே மறந்துபோன ஏரன்ப்ரூக் பேச்சு, பழைய காலத்துச் சொற்களோடு அப்படியே உறைந்து கிடந்தது அவர் வாயில்.

ரோஸ்விதா எல்லாவற்றையும் சொன்னாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், ஆனாலும் தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். முடிந்ததும் கிராசியேலா ஒரு நிமிஷம் எழுந்து போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"பாட்டியும் அம்மாவும் ஹாம்பர்க்லேர்ந்து கப்பல் வர்றப்பல்லாம் துறைமுகத்துல போய் நின்னாங்க" என்றார். "பாட்டி வீடு பெருக்குற வேலைக்குப் போயிட்டிருந்தா. அந்தக் கூலியில ரயிலேறிப் போவா. போர் வந்து கப்பல் நிக்கிற வரைக்கும் போனாங்க. போர் முடிஞ்சதும் உங்க ஊர் நகராட்சிக்கு எழுதிக் கேட்டா பாட்டி. நாற்பத்தேழுல பதில் வந்துச்சு. படிக்கிறேன்."

படித்தார். நாலே வரி. தங்கள் கணவர் திரு. யூலியுஸ் மான்ஸ்பாஹ் 1938 நவம்பர் பதினொன்றாம் தேதி ஒரு பெட்டியோடு ஹாம்பர்க் செல்லும் ரயிலில் ஊரை விட்டுச் சென்றதாக எங்களிடம் உள்ள தகவல் தெரிவிக்கிறது. அதன் பிறகு அவரைப் பற்றி இங்கே எவருக்கும் எதுவும் தெரியாது. தங்கள் நலம் விழையும்.

"கீழ கையெழுத்து. நான் சின்னப் பொண்ணா இருந்தப்பலேர்ந்து பார்த்துட்டு இருக்கேன்" என்று காகிதத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தார். "உங்க பேரும் இதேதான், இல்லையா?"

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. வி. ஹன்னாப்பெல், எழுத்தர்.

அப்பா நாற்பது வருஷம் நகராட்சியில் வேலை பார்த்தார். ரோஸ்விதாவுக்கு அது தெரியும். ஆனால் இப்படி ஒரு காகிதம் உலகத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. பதினேழு வயசில், பழுப்புச் சட்டைகளுக்கு நடுவே, கொட்டகையில் ஒரு கிழவியை ஒளித்து வைத்துவிட்டு வாய் திறக்கவில்லை என்றால், அது பயம். இத்தனை நாளும் அவள் அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். நாற்பத்தேழில் பழுப்புச் சட்டை யாரும் இல்லை. மேசை, மைக்கூடு, பேனா. உட்கார்ந்து யோசித்து, ஒரு பெட்டியையும் ஒரு ரயிலையும் புதிதாக உண்டாக்கியிருக்கிறார். பெட்டியை ஏன் சேர்த்தார்? அது இல்லாமலே பொய் நின்றிருக்குமே.

"எங்கப்பா" என்றாள்.

கிராசியேலா திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. காகிதத்தை உறைக்குள் போட்டார்.

"வேற பொம்பளையோட வேற நாட்டுக்குப் போயிட்டார்னுதான் எங்க வீட்ல பேச்சு. பெட்டியோட போனவர் வந்து சேரலன்னா வேற என்ன அர்த்தம்? பாட்டி அதுக்கப்புறம் அவர் பேரச் சொல்லல. எங்கம்மா ஒரு நாள் கத்தரிக்கோல எடுத்து, வீட்ல இருந்த எல்லா போட்டோவுலயும் அவர் முகத்த வெட்டிட்டா. கல்யாண போட்டோவுலகூட. பாட்டி பக்கத்துல ஒரு ஓட்டை நிக்குது. அம்மா ரெண்டாயிரத்து ஒம்பதுல போனா. கடைசி வரைக்கும் அவர மன்னிக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு அவர் முகமே தெரியாது. உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. படை வீட்டுப் படிக்கட்டுச் சுவரில் இருபத்தொன்பதாம் வருஷத்துப் படம், முப்பத்தோரு பேர் மூன்று வரிசையில். பெயர்ப் பட்டியல் தொலைந்து பல காலம். ரோஸ்விதாவும் ஜெவ்தெத்தும் அதைச் சுவரிலிருந்து கழற்றி, சட்டத்தோடு அத்தையிடம் கொண்டு போனார்கள். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஜெவ்தெத் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தை மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு முகமாகப் போனாள். இரண்டாம் வரிசையில், ஏணிக்குப் பக்கத்தில், காது விடைத்த, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் மேல் விரல் நின்றது. விரலை எடுக்காமலே அத்தை அழ ஆரம்பித்தாள். ஜெவ்தெத் கை வலித்தும் படத்தை இறக்கவில்லை.

அந்த முகத்தைப் பெரிதாக்கி அன்று மாலையே அனுப்பினாள் ரோஸ்விதா. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: 'பார்த்தோம். பேரன் பேத்தி எல்லோரும் பார்த்தோம். செப்டம்பரில் வருகிறேன்.'

வந்தார். யூலியுஸ் மான்ஸ்பாஹை ஊர்க் கோடியில் உள்ள பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஜெவ்தெத்தும் டோர்ஸ்டனும் ஏணிக் குழுவில் இன்னும் நாலு பேரும் அந்தச் சிறிய பெட்டியைச் சுமந்தார்கள். கிராசியேலா ரோஸ்விதாவிடம் கை கொடுத்தார். கட்டிப்பிடிக்கவில்லை. அத்தை வர விரும்பினாள், டாக்டர் விடவில்லை. நவம்பரில் அவளும் கண்ணை மூடினாள். நூற்றாண்டு மலரின் அந்தப் பக்கத்துக்குத் திருத்தம் எழுதும் வேலையை ரோஸ்விதாதான் செய்தாள். அப்பாவின் வரியை அடிக்காமல் அப்படியே போட்டு, கீழே அது பொய் என்று எழுதி, எழுதியவர் பெயரையும் போட்டாள்.

அப்பாவின் கல்லறையில் வருஷா வருஷம் செடி வைப்பது தோட்டக்காரர் ஒருவர். வசந்தம் வந்ததும் வழக்கம்போல் போன் செய்தார். இந்தத் தடவை என்ன பூ வைக்கலாம், பெகோனியாவா, போன வருஷம் மாதிரியே வெள்ளையா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் ரோஸ்விதா. ஜூன் முடியப் போகிறது, இன்னும் சொல்லவில்லை.